பிக்காசாவும் பெயரில்லாதவர்களும்

செமஸ்டர் தேர்வு ஒருவழியாக முடிந்துவிட்டது. கொஞ்ச நாளாகத் தூங்கிக்கொண்டிருந்த இந்தப் பக்கத்தைத் தட்டி எழுப்பலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை எடுத்துக்கொண்ட விஷயம், கம்ப்யூட்டரில் போட்டோ பார்க்கவும் அடுக்கவும் திருத்தவும் பயன்படுகிற மென்பொருட்கள். "இதில் எழுத என்ன இருக்கிறது? டபுள் க்ளிக் பண்ணினால் படம் திறக்கப் போகிறது" என்று நினைப்பீர்கள். எங்கள் ஆயா இறந்த அன்றைக்கு ராத்திரி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கொஞ்சம் சொந்தக் கதை. பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயம் அதற்குள்தான் இருக்கிறது.

எங்கள் வீடு மேற்கு தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகிற பக்கம். ஆயா என்றால் அப்பாவின் அம்மா. (எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.) 2012 கோடை விடுமுறையில் சித்தப்பா எங்கிருந்தோ ஒரு பழைய ஸ்கேனரைக் கொண்டுவந்தார். பீரோவில் இருந்த ஆல்பங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று முடிவானது. அப்போது எனக்கு ஏழு வயது. பகலில் அப்பா ஸ்கேன் செய்வார். சாயங்காலம் சித்தப்பா வேலையிலிருந்து வந்ததும் ஆயாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மானிட்டர் முன்னால் உட்கார வைப்பார். மவுஸ் என் கையில்.

கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருள் பிக்காசா. அந்தக் காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஹார்ட் டிஸ்க்கில் எந்த மூலையில் படம் கிடந்தாலும் தானே தேடி எடுத்து வருஷ வாரியாக அடுக்கிவிடும். 2009 செப்டம்பரில் வந்த 3.5 பதிப்பிலிருந்து முகங்களையும் கண்டுபிடிக்க ஆரம்பித்தது. படத்தில் எங்கெங்கே முகம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு கட்டம் போட்டு, "இது யார்?" என்கிற மாதிரி கீழே ஒரு காலி இடம் விடும். நாம் பெயரை அடித்தால் அதே முகம் இருக்கிற மற்ற படங்களையும் தேடிக்கொண்டு வந்து "இவரும் அவர்தானே?" என்று கேட்கும்.

ஆயாவுக்கு இது பெரிய வேடிக்கை. "அட, என் ஒரகத்திய கண்டுபிடிச்சிடுச்சே!" என்று சிரிப்பார். நான் கட்டத்தைக் க்ளிக் செய்வேன். ஆயா பெயர் சொல்வார். சித்தப்பா அடிப்பார். பெயரோடு நிற்காது. "இவன் மணிமங்கலத்தான். நம்ம தோப்புல மாங்கா திருடி மாட்டிக்கிட்டான். அப்புறம் நம்ம வீட்டுக்கே மாப்பிள்ளையா வந்தான்" என்று கதையும் வரும். சித்தப்பாவுக்கு மூடு இருந்தால் அந்தக் கதையையும் படத்துக்குக் கீழே குறிப்பாக அடித்து வைப்பார். தமிழ்த் தட்டச்சு தெரியாததால் எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். இப்படியே ஒரு மாதம் போனது. மொத்தம் 312 படங்கள்.

2015 டிசம்பர் 1 எல்லோருக்கும் நினைவிருக்கும். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் புகுந்தது. தண்ணீர் வாசற்படி ஏறும்போது அம்மா ரேஷன் கார்டு, சர்டிபிகேட், நகை என்று எடுத்தார். அப்பா சிபியுவைக் கழற்றிப் பரண் மேல் போட்டார். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அவை சேறோடு சேர்ந்து ஒரே கட்டியாகிவிட்டிருந்தன. கலர் போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். அது தண்ணீரில் ஊறி, மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே காயவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. நாங்கள் அதை வெயிலில்தான் காய வைத்தோம். ஒரு படம் கூட மிஞ்சவில்லை.

ஆனால் கம்ப்யூட்டர் பிழைத்தது. 312 படமும் பிழைத்தது. "பாத்தீங்களா, அன்னைக்கு ஸ்கேன் பண்ணது எவ்ளோ நல்லதாப் போச்சு!" என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இனி நான் செய்த காரியம். 2017இல் எனக்குப் பன்னிரண்டு வயது, வீட்டில் நான்தான் கம்ப்யூட்டர் நிபுணன். (சிரிக்காதீர்கள்.) கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று சி டிரைவை பார்மட் செய்து விண்டோஸை மறுபடி போட்டேன். படங்கள் டி டிரைவில் இருந்ததால் பயமில்லை. பிறகு டி டிரைவையும் சுத்தம் செய்யலாம் என்று ஒளிந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொன்னபோது, ஒவ்வொரு ஃபோல்டரிலும் பிக்காசா.ஐஎன்ஐ என்று ஒரு குட்டிக் கோப்பு இருந்தது. பென் டிரைவ் வைரஸ்கள் இப்படித்தான் மங்கலாக ஒளிந்திருக்கும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். ஒன்று விடாமல் தேடித் தேடி அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பெருமையாக இருந்தது.

2018இல் ஆயா இறந்தார். அன்றைக்கு ராத்திரி மாலை போட ஒரு நல்ல படம் வேண்டும் என்று சித்தப்பா கம்ப்யூட்டரைத் திறந்து பிக்காசாவில் ஆயாவின் பெயரைத் தேடினார். ஒன்றும் வரவில்லை. இடப்பக்கப் பட்டியலில் "பெயரில்லாதவர்கள்" என்று ஒரே ஒரு தொகுப்பு. அதற்குள் நூற்றுக்கணக்கான முகங்கள். பெரியவர்கள், குழந்தைகள், மாப்பிள்ளைகள், மாங்காய் திருடினவர், எல்லோரும் அதில் இருந்தார்கள். ஆயாவும் இருந்தார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. கல்லூரிக்கு வந்து, கோப்பு என்றால் என்ன, டேட்டாபேஸ் என்றால் என்ன என்று கொஞ்சம் படித்த பிறகுதான் புரிந்தது. புரிந்ததை எளிமையாகச் சொல்கிறேன். இந்தப் பதிவில் நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்கவேண்டாம்.

ஒரு போட்டோவைப் பற்றி நாம் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற விவரம் (இது யார், எந்த ஊர், எந்த வருஷம்) மூன்று இடங்களில் ஒன்றில் போய் உட்காரும்.

ஒன்று, படக்கோப்புக்கு உள்ளேயே. ஜேபெக் கோப்பில் படம் மட்டும் இருப்பதில்லை, எழுத்துக்கும் கொஞ்சம் இடம் உண்டு. கேமரா தேதியையும் நேரத்தையும் எழுதி வைப்பது எக்ஸிஃப் என்கிற பகுதியில். இது 1995இல் ஜப்பானில் வந்த தரம். இன்னொரு பகுதி ஐபிடிசி. இது பத்திரிகைக்காரர்களின் ஏற்பாடு. செய்தி நிறுவனம் ஒரு படத்தை நூறு பத்திரிகைக்கு அனுப்பும்போது, படத்தில் இருப்பது யார் என்கிற குறிப்பு வழியில் தொலைந்துவிடக் கூடாது. அதனால் குறிப்பைப் படத்தோடு கட்டியே அனுப்ப வழி செய்தார்கள். 2001இல் அடோபி நிறுவனம் எக்ஸ்எம்பி என்று இன்னும் விரிவான ஒரு முறையைக் கொண்டுவந்தது. இப்படி உள்ளே எழுதியது படம் எங்கே போனாலும் கூடவே போகும்.

இரண்டு, படத்துக்குப் பக்கத்தில் ஒரு தனிக் கோப்பாக. நான் அழித்த ஐஎன்ஐ இந்த ஜாதி.

மூன்று, மென்பொருளின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில். அது சி டிரைவில் நம் கண்ணில் படாத ஒரு இடத்தில் இருக்கும், அல்லது இந்தக் காலத்தில் எங்கோ தூரத்தில் உள்ள சர்வரில் இருக்கும்.

பிக்காசா மூன்றையும் கலந்து பயன்படுத்தியது. முகம் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, அது எத்தனையாம் நம்பர் ஆள் என்பதெல்லாம் பக்கத்து ஐஎன்ஐ கோப்பில். அந்த நம்பர்களுக்கு உரிய பெயர்ப் பட்டியல் சி டிரைவில். நான் முதலில் பட்டியலை பார்மட் செய்தேன், பிறகு நம்பர்களை அழித்தேன். ஒரு மாதம் ஆயா சொன்ன பெயர்களை இரண்டு தவணையில் துடைத்துப் போட்டிருக்கிறேன். பிக்காசாவின் பின்னாள் பதிப்பில் பெயர்களைப் படத்துக்கு உள்ளேயே எழுதுகிற வசதியும் இருந்தது. ஆனால் அமைப்புகளுக்குள் தேடிப்போய் நாமே டிக் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் தேடிப் போகவில்லை. பழியெல்லாம் என்னுடையதுதான், மென்பொருளின் மேல் போடவில்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் கண்டுபிடித்தேன். இர்ஃபான்வியூ என்று ஒரு சின்ன மென்பொருள் உண்டு. இர்ஃபான் ஸ்கில்ஜான் என்கிற ஒருவர் 1996இல் வெளியிட்டது, வீட்டு உபயோகத்துக்கு இன்றைக்கும் இலவசம். அதில் படத்தைத் திறந்து ஐ என்ற எழுத்தைத் தட்டினால் உள்ளே இருக்கும் விவரத்தையெல்லாம் காட்டும். சும்மா ஒரு பழைய படத்தில் தட்டிப் பார்த்தேன். ஐபிடிசி பகுதியில் சித்தப்பாவின் வாசகம்! "மணிமங்கலத்தான், மாங்கா திருடன், பிற்பாடு மாப்பிள்ளை." ஹாஸ்டல் அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு சத்தம் போட்டுச் சிரித்தேன். பிக்காசா படத்தின் கீழே எழுதும் குறிப்பை மட்டும் ஜேபெக்கின் உள்ளேயே எழுதிவிடும். பார்மட்டும் நானும் சேர்ந்து தாக்கியும் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. 312 படங்களில் 57இல் அப்படிக் குறிப்பு இருந்தது.

மீதி 255 படங்களில் சிலரை அப்பாவுக்குத் தெரியும், சிலரைப் பெரியப்பாவுக்குத் தெரியும். ஆனால் ஒரு படம் இருக்கிறது. மாமல்லபுரத்தில் ஒரு பாறைக்கு முன்னால் ஐந்து பெண்கள் நிற்கிறார்கள். அதில் ஒருவர் ஆயா. மற்ற நால்வரில் ஒருவர் ஆயாவின் அக்கா. பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனவர். அவருக்கு வேறு படமே கிடையாது. ஆயா அன்றைக்கு மானிட்டரில் விரல் வைத்துக் காட்டினார். நான்தான் அந்தக் கட்டத்தைக் க்ளிக் செய்தேன். நாலு பேரில் யார் என்று இப்போது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நிற்க. இது ஒரு வீட்டுக் கதை. ஆனால் நான் சொல்ல வருவது எல்லோருக்கும் பொதுவானது. படத்தைக் காப்பாற்றுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். படத்தைப் பற்றிய விவரத்தைக் காப்பாற்றுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேக்கப் எடு, டிவிடியில் போடு, கூகுளில் ஏற்று என்கிறோம். ஆனால் நம் உழைப்பில் பெரும்பங்கு அடுக்குவதிலும் பெயர் போடுவதிலும் தேதி திருத்துவதிலும்தான் போகிறது. அந்த உழைப்பு எந்த இடத்தில் போய்ச் சேருகிறது என்று கேட்காமலே செய்கிறோம். ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நீ நாளைக்கு இல்லாமல் போனால் நான் எழுதியது என்ன ஆகும்?" என்பதுதான்.

மென்பொருள் இல்லாமல் போவது அரிதான விஷயமா? இல்லவே இல்லை. பிக்காசாவையே பாருங்கள். லைஃப்ஸ்கேப் என்ற சின்ன கம்பெனி 2002இல் ஆரம்பித்தது. 2004 ஜூலையில் கூகுள் வாங்கி இலவசமாக்கியது. 2016 பிப்ரவரி 12 அன்று நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். மார்ச் 15 முதல் டெஸ்க்டாப் மென்பொருளுக்கு ஆதரவு இல்லை. மே 1 முதல் இணைய ஆல்பங்களும் போயின. விண்டோஸ் லைவ் போட்டோ கேலரி என்று மைக்ரோசாஃப்ட் ஒன்று வைத்திருந்தது. 2017 ஜனவரியோடு அதற்கும் மூடுவிழா. ஆப்பிளின் ஐபோட்டோவின் இடத்தை 2015இல் வேறொரு மென்பொருள் பிடித்துக்கொண்டது. நம் ஆல்பத்தில் இருக்கிற ஒரு குழந்தை பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் அதை அடுக்கி வைத்த மென்பொருள் காணாமல் போய்விடுகிறது. இத்தனைக்கும் இவை எல்லாம் உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகள் நடத்தியவை. விண்டோஸ் லைவ் கேலரிக்கு மட்டும் ஒரு நல்ல குணம் உண்டு. மனிதர்களின் பெயர்களை அது படத்துக்கு உள்ளேயே எழுதியது. அதனால் அது செத்தாலும் பெயர்கள் சாகவில்லை. இரண்டு மென்பொருளும் பார்வைக்கு ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்தன. எழுதி வைத்த இடம்தான் வேறு.

"இப்போதுதான் கூகுள் போட்டோஸ் இருக்கிறதே, எல்லாம் தானாக நடக்கிறதே" என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் சொன்னான். உண்மைதான், வசதியானது. நானும் பயன்படுத்துகிறேன். 2015 மே மாதம் வந்தபோது அளவில்லாமல் இலவசம் என்றார்கள். 2021 ஜூன் 1க்குப் பிறகு ஏற்றுகிற படங்கள் 15 ஜிபி கணக்கில் சேரும் என்று மாறியது. அது அவர்கள் வியாபாரம், அதில் எனக்குச் சண்டை இல்லை. நான் பார்ப்பது வேறு. ஸ்கேன் செய்த 1978 கல்யாணப் படத்தை ஏற்றினால் அது 2012இல் போய் உட்காரும், ஸ்கேன் செய்த தேதி அதுதானே. நாம் பொறுமையாகத் தேதியைத் திருத்தலாம், குறிப்பும் எழுதலாம். ஆனால் மொத்தமாகத் திரும்ப இறக்கிக்கொள்ளும்போது நாம் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு தனி ஜேசன் கோப்பாக வரும். என்னைப் போல ஒரு பன்னிரண்டு வயது நிபுணன் அந்த வீட்டிலும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப் இதைவிட மோசம். படமாக அனுப்பினால் அளவைச் சுருக்குவதோடு உள்ளே இருக்கும் தேதி, குறிப்பு எல்லாவற்றையும் உரித்துவிட்டுத்தான் அனுப்பும். சித்தப்பாவின் 57 குறிப்புகளும் குடும்ப குரூப்பில் ஒரு முறை சுற்றினால் போதும், பெறுகிறவர் கையில் வெறும் படம்தான் இருக்கும். டாகுமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நம் ஊரில் எத்தனை குடும்பப் படங்கள் மொட்டையாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றனவோ!

அடுத்தது, திருத்துவது. இதிலும் பிக்காசாவிடம் நான் மதிக்கிற ஒரு குணம் இருந்தது. படத்தை வெட்டினாலும் வெளிச்சம் கூட்டினாலும் மூலப் படத்தைத் தொடாது. என்ன செய்தோம் என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். நாம் சேமிக்கச் சொன்னாலும் மூலப் படத்தை ஒரு தனி ஃபோல்டரில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் புதியதை எழுதும். இது ஏன் முக்கியம் என்றால், ஜேபெக் என்பது சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரத்தைத் தூக்கி எறிகிற முறை. திறந்து, திருத்தி, அதே பெயரில் சேமித்து, மறுநாள் மறுபடி திருத்தினால் நகலின் நகலுக்கு நகல் எடுத்த கதைதான்.

தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எங்கள் தாத்தா படத்தைப் பெரிசு பண்ணக் கொடுத்தோம். ஒரு குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் எடுத்து, போட்டோஷாப்பில் நீல நிறக் கோட்டும் டையும் மாட்டி, பின்னால் ஒரு நந்தவனத்தையும் வைத்துக் கொடுத்தார்கள். தாத்தா வாழ்நாளில் கோட்டு போட்டதே இல்லை. ஆனால் யாருக்கும் வருத்தம் இல்லை, எனக்கும் இல்லை. அது மரியாதை செய்வதில் ஒரு வகை. அதோடு, அந்த குரூப் போட்டோ அப்போது பீரோவில் பத்திரமாக இருந்தது. (சும்மா ஒரு தகவல்: போட்டோஷாப் திறக்கும்போது வரும் பெயர்ப் பட்டியலில் பல வருஷங்கள் சீதாராமன் நாராயணன் என்ற பெயர் வந்திருக்கிறது. உலகம் முழுக்க அந்தப் பெயருக்கு ரசிகர்கள் உண்டு. நம் பக்கத்துப் பெயர் போலவே இருப்பதில் ஸ்டூடியோக்காரருக்கும் பெருமை.)

இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு ஆப்கள் விஷயம் அப்படி இல்லை. மாமல்லபுரம் படத்தை அப்படி ஒன்றில் போட்டுத் தெளிவாக்கிப் பார்த்தேன். முகம் தெளிவானால் ஆயாவின் ஜாடையை வைத்து அக்காவைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு ஆசை. அற்புதமாக வந்தது. ஐந்து பேருக்கும் கண் இமை கூடத் தெரிந்தது. அம்மாவிடம் காட்டினேன். ஆயாவைக் காட்டி, "இது யாருடா?" என்றார். ஸ்கேனில் இல்லாத விவரத்தை அந்த ஆப் எங்கிருந்து கொண்டுவரும்? வேறு லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து இட்டு நிரப்புகிறது. பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் அடையாளம் காண அது உதவாது, குழப்பத்தான் செய்யும். அப்படிச் செய்த படத்தை மூலப் படத்தின் மேலேயே சேமித்துவிட்டால், நாளைக்கு நம் பிள்ளைகள் யாரோ ஒரு பெண்ணை ஆயா என்று நினைத்துக் கும்பிடுவார்கள். செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு பெயரில் சேமியுங்கள்.

இதையெல்லாம் சொன்னபோது அதே தோழன் கேட்டான்: "செத்துப்போன யாரோ நாலு பேர் பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது?" நல்ல கேள்வி. எனக்குப் பெரிய தத்துவ பதில் எதுவும் இல்லை. ஆனால் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் இருந்த போட்டோக்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் ஒரு திட்டம் அதற்கு உதவியது. சாதாரணக் குடும்பங்கள் கேமரா முன்னால் உட்கார்ந்த படங்களுக்கு வரலாற்றில் மதிப்பு இருக்கிறது என்று யாரோ நினைத்ததால்தானே இந்த உழைப்பு? நம் வீட்டுப் படத்துக்கு முதல் ஆவணக் காப்பாளர் நாம்தான். நமக்கே யார் என்று தெரியாவிட்டால் எந்த ஆய்வாளர் வந்து கண்டுபிடிப்பார்? அந்த அக்காவுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது ஒரு முகமும் ஒரு பெயரும். முகம் என்னிடம் இருக்கிறது. பெயரும் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்திருந்த கட்டத்தை நான் அழித்துவிட்டேன்.

சரி, புலம்பல் போதும். என்ன செய்யலாம் என்று நான் யோசித்து இப்போது செய்து கொண்டிருப்பதைச் சொல்கிறேன்.

1. டிஜிகேம் என்ற மென்பொருளைப் போட்டிருக்கிறேன். 2001இல் ஆரம்பித்த கட்டற்ற மென்பொருள், லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும், காசு கிடையாது. பிக்காசா அளவுக்குச் சுலபம் இல்லை, முதல் ஒரு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் முகத்தின் பெயர், குறிப்பு, தேதி எல்லாவற்றையும் படத்துக்கு உள்ளேயே எழுதச் சொல்லலாம். அமைப்புகளில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய் அதைத் தேர்வு செய்துவிட்டுத்தான் முதல் பெயரை அடியுங்கள்.

2. முகக் கட்டத்தை மட்டும் நம்பாமல், குறிப்பில் பத்திரிகைக்காரர்கள் போல எழுதுகிறேன். "இடமிருந்து வலம்: இன்னார், இன்னார், இன்னார். ஊர். வருஷம்." எந்த மென்பொருள் போனாலும் இந்த ஒரு வரியை வைத்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். கட்டம் தேவையே இல்லை. யூனிகோட் தமிழிலேயே எழுதலாம்.

3. எழுதிய பிறகு அதே படத்தை வேறொரு மென்பொருளில் திறந்து, எழுதியது தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரிந்தால் அது நம்முடையது. தெரியவில்லை என்றால் அது அந்த மென்பொருளின் உடைமை.

4. மூலப் படங்களுக்கு ஒரு தனி ஃபோல்டர். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு நகல் எங்கள் வீட்டில், இன்னொன்று பெருங்களத்தூரில் அத்தை வீட்டு மாடியில். வெள்ளம் வந்தால் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வரும் என்பது அனுபவம் :)

5. புரியாத கோப்பை அழிக்காதீர்கள். இதை நான் சொல்வதற்கு எனக்குத் தகுதி இருக்கிறது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் வகுப்பில் பாதிப் பேர் நாளைக்கு ஓஎம்ஆர் சாலையில் அந்த வேலைக்குத்தான் போகப் போகிறோம். பயனாளர் தன் கையால் அடித்த விவரத்தை அவருடைய கோப்பிலேயே எழுதுவதுதான் இயல்பான நிலையாக இருக்க வேண்டும். வேண்டாம் என்பவர் டிக்கை எடுத்துக்கொள்ளட்டும். ஐந்து மெனுவுக்கு அடியில் இருக்கிற வசதி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பெயர் சொல்கிற ஆயாக்களுக்கு எட்டாது.

கடைசியாக ஒன்று. போன மாதம் படப்பையில் ஆயாவின் பழைய சிநேகிதி ஒருவர் இருப்பதாகத் தெரிந்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானும் சித்தப்பாவும் போனோம். எண்பது தாண்டியவர். மாமல்லபுரம் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தக் கடைசியில நிக்கிறாளே, இவதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல கண்ணு, பூ வெச்சிருக்காளே அவளா இருக்கும். நீங்க பத்து வருசம் முன்ன வந்திருக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குறிப்பில் இப்படி அடித்தேன்: "மாமல்லபுரம். இடமிருந்து வலம் இரண்டாவது ஆயா. நான்காவது அல்லது ஐந்தாவது, ஆயாவின் அக்கா. நிச்சயமில்லை." சேமித்தேன். இர்ஃபான்வியூவில் திறந்து ஐ தட்டிப் பார்த்தேன். இருந்தது.

உங்கள் வீட்டில் ஆயாவோ பாட்டியோ தாத்தாவோ இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காருங்கள். மென்பொருளைப் பிறகு தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு நோட்டில் எழுதினாலும் போதும்.

பி.கு: மாங்காய் திருடியவரின் பேரன் என்னோடுதான் கிரிக்கெட் ஆடுகிறான். குறிப்பைக் காட்டினேன். குடும்ப குரூப்பில் போடவேண்டாம் என்று கெஞ்சுகிறான்.